பிருந்தன் எண்ணிய நான்கு வினாடிகள்

பிருந்தனுக்கு முப்பத்தொரு வயது. ஹம்பேர்க் துறைமுகத்தில், எந்தக் கொள்கலனைக் கப்பலின் எந்த மூலையில் ஏற்றுவது என்று திட்டமிடுவது அவன் வேலை. நல்ல வேலை, நிரந்தர வேலை. ஆனால் கலியாண வீடுகளில் யாராவது "தம்பி என்ன செய்யிறீர்?" என்று கேட்டால் அவன் துறைமுகத்தைச் சொல்லமாட்டான். "விமானத் திடலிலை, ரவரிலை இருக்கிறன்" என்பான். சனி, ஞாயிறுகளில் மட்டுந்தான் என்பதை விழுங்கிவிடுவான்.

அந்த ரவர், அதாவது கட்டுப்பாட்டுக் கோபுரம், ஹோலன்மோர் என்ற ஊரின் புல்தரை ஓடுபாதைக்குப் பக்கத்தில் இரண்டு மாடி உயரத்தில் நிற்கும் ஒரு மரக்கூடு. மூன்று பக்கமும் கண்ணாடி, உள்ளே ஒரு மேசை, ஒரு தொலைநோக்கி, இரண்டு வானொலிப் பெட்டிகள். வார இறுதிகளில் பரசூட் கழகத்தின் சிறு விமானம் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு நாலாயிரம் மீற்றருக்கு ஏறும். வெறும் விமானமாக இறங்கும். ஏறியவர்கள் தனியே வருவார்கள், வானத்திலிருந்து.

பிருந்தனின் பதவிக்கு ஜெர்மன் மொழியில் ஃபுளுக்லைட்டர், பறப்புத் தலைவர், என்று பெயர். பெயர்தான் பெரிது. "காற்று மேற்கிலிருந்து வீசுகிறது", "ஓடுபாதையில் ஆளில்லை" என்று தகவல் சொல்லலாம். "அனுமதி" என்ற சொல்லை மட்டும் அவன் வாயில் எடுக்கக் கூடாது, சட்டம் விடாது. அந்தச் சொல் தொலைவில், ஜன்னலே இல்லாத ஒரு கூடத்தில் றேடார்த் திரைக்கு முன்னால் இருப்பவர்களுக்கு உரியது. குதிப்பதற்கு முன் விமானி அவர்களிடந்தான் அனுமதி கேட்பார்.

இரண்டாவது வானொலிப் பெட்டியில் அந்த றேடார்க் கூடத்தின் பேச்சு கேட்கும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை அந்தப் பெட்டியிலிருந்து வந்த பெண் குரலைக் கேட்டதும் பிருந்தனின் கையிலிருந்த கோப்பி மேசையில் கொட்டியது. சுத்தமான ஜெர்மன். அவசரமில்லாத குரல். நாலு சொல்லில் முடிக்க வேண்டியதை நாலே சொல்லில் முடிக்கும் குரல். தக்சாயினி.

அவனுடைய குடும்பமும் அவளுடைய குடும்பமும் அகதிகளாக வந்து ஒரே விடுதியின் ஒரே நடைபாதையில், ஒரே அடுப்பில் மாறி மாறிச் சமைத்தவை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் பரீட்சைகளில் பிருந்தன் முதலாம் பிள்ளை, தக்சாயினி இரண்டாம் பிள்ளை. பத்து வருடம் அப்படியே. விமானக் கட்டுப்பாட்டாளர் வேலையைப் பற்றிய விளம்பரத் தாளை எங்கேயோ கண்டெடுத்துக்கொண்டு வந்ததும் பிருந்தன்தான். "நீயும் போடன், தனியப் போகப் பஞ்சியாக் கிடக்கு" என்று அவளை இழுத்துக்கொண்டு போனதும் அவன்தான். அப்போது இருவருக்கும் பத்தொன்பது வயது.

நாலு நாள் தேர்வு. மூன்றாம் நாள் மதியத்தோடு பிருந்தனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காதில் ஒரு எண் வரிசை, கண்ணில் ஆறு புள்ளிகள், கையில் பொத்தான். மூன்றையும் ஒன்றாகப் பிடிக்க அவனால் ஏலவில்லை. ஒருமுறை தோற்றவர் மறுமுறை வர முடியாது என்பது அங்கே விதி. தக்சாயினி நாலாம் நாளும் இருந்தாள். வென்றாள்.

பிருந்தனின் தாய் கமலநாயகி சாத்திரியாரிடம் ஓடினார். ஏழரைச் சனி என்றார் சாத்திரியார். நூறு கோடி கிலோமீற்றருக்கும் அப்பால் சுற்றுகிற ஒரு வாயு உருண்டை, ஹம்பேர்க்கில் ஒரு பையன் எந்தப் பொத்தானைப் பிந்தி அழுத்தினான் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததாம்! தக்சாயினியின் தாய் பவளமோ, கண்ணூறு படாமல் இருக்க மகளின் காரில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். இரண்டு தாய்மாரும் கிரகத்தையும் கயிற்றையும் நம்பினார்கள். அந்தப் பெண் ஆறு மாதம் சமையலறையில் இரண்டு வானொலிகளை ஒன்றாக ஓடவிட்டுப் பயிற்சி எடுத்ததை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

பிருந்தன் அதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தான். ஒரு பிறந்தநாள் மண்டபத்தில், வாயில் வடையோடு, சிரித்துக்கொண்டு சொன்னான்:

"பொம்பிளைப் பிள்ளை, அதோடை கறுப்பு. விளம்பரப் படத்துக்கு வடிவா இருக்கும். எடுத்திட்டாங்கள். என்னை எடுத்து என்ன செய்யிறது?"

நாலு பேர் சிரித்தார்கள். அடுத்த மாதம் அந்தக் கதை அவனிடமே செய்தியாகத் திரும்பி வந்தது. "உண்மையாமே தம்பி?" என்று ஒரு கலியாண வீட்டில் கேட்டார் நாகமுத்து அண்ணை. "அப்பிடித்தான் கதைக்கினம்" என்றான் பிருந்தன். தேர்வு நடத்திய கணினிக்கு யாருடைய முகமும் தெரியாது, ஒதுக்கீடும் கிடையாது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். தன் உழைப்பால் ஒரு பெண் ஏறிய ஏணியை, அவள் ஏறிய பிறகு, யாரோ தூக்கிவிட்டதாகச் சொல்வதைவிட மலிவான திருட்டு உலகத்தில் இல்லை. நம்மவர்கள் அதைப் பன்னிரண்டு வருடம் வடையோடு சேர்த்து மென்றார்கள்.

அதனால் அந்தக் குரல் வானொலியில் வரும் ஒவ்வொரு சனி ஞாயிறும் அவனுக்கு வயிறு எரிந்தது. அவள் வணக்கம் சொன்னால் எரியும். விமானி சாண்ட்ரா அவளுக்கு நன்றி சொன்னால் கூடுதலாக எரியும். "இன்றைக்கு உன் சிநேகிதியின் குரல், அருமை" என்று சாண்ட்ரா ஒருநாள் ஜெர்மனில் சொன்னபோது, "ஏன், மற்றவர்கள் குரைக்கிறார்களா?" என்று கேட்டுவிட்டான். அவளுடைய விடுமுறை நாட்கள்கூட அவனுக்கு அத்துபடி. வேறொரு குரல் வரும் நாட்களில் அவன் மதியச் சாப்பாட்டை நன்றாகச் சாப்பிட்டான்.

ஹோலன்மோரில் வேலை நடக்கும் விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். குதிப்புக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது விமானி திடலின் அலைவரிசையில் அறிவிப்பார். கீழே இருப்பவர் தொலைநோக்கியால் வானத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஏதாவது கண்டால் "நிறுத்து" என்று கத்த வேண்டும். காணாவிட்டால் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. மௌனம் என்றால் வானம் வெறுமை என்று பொருள். முப்பது வருடமாக அதுதான் வழக்கம். உயிர் தொங்கும் இடத்தில் மௌனத்தைச் சாட்சியாக வைத்த அந்தப் புத்திசாலி யாரென்று யாருக்கும் நினைவில்லை.

ஆகஸ்ட் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றரை. பஞ்சுப் பொதிபோல மேகங்கள், இடையிடையே நீலம்.

"குதிப்புக்கு ஒரு நிமிடம்" என்றாள் சாண்ட்ரா.

இரண்டாவது பெட்டியில் தக்சாயினி பேசினாள். "குதிக்க அனுமதி. உங்களுக்குக் கீழே எனக்குத் தெரிந்த விமானம் எதுவும் இல்லை."

எனக்குத் தெரிந்த. அவள் அப்படித்தான் சொல்ல வேண்டும், அது விதி. றேடார்த் திரையில் அடையாளக் கருவி உள்ள விமானங்களே ஒழுங்காகத் தெரியும். இயந்திரமில்லாத கிளைடர்கள் பலவற்றில் அந்தக் கருவி இல்லை. அவை திரைக்கு இல்லாத பொருள்; கண்ணுக்கு மட்டும் உள்ள பொருள். அதற்காகத்தானே கீழே ஒருவனைத் தொலைநோக்கியோடு இருத்தியிருக்கிறார்கள்.

வானத்தைச் சுற்றிப் பார்த்துவந்த பிருந்தன், நிமிடம் முடியும் தறுவாயில் தொலைநோக்கியைத் தென்கிழக்கே திருப்பினான். மேகத்தின் அடியில் ஒரு வெள்ளைச் சிலுவை. கிளைடர். ஆயிரத்தைந்நூறு மீற்றர் இருக்கும். சரிந்து, வட்டமடித்து, குதிப்பவர்கள் விழும் இடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது.

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

உனக்குத் தெரியாதோ, தக்சாயினி? எனக்குத் தெரியும்.

அந்த நினைப்பு சர்க்கரைத் துண்டுபோல நாக்கில் கிடந்தது. அவள் "இல்லை" என்று சொல்லிவிட்டாள், பதிவாகிவிட்டது. அவன் கண்ணில் "உண்டு" இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் முதன்முறையாக அவள் பிழை, அவன் சரி. அதைக் கரையவிட மனம் வரவில்லை.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

"நிறுத்து! கிளைடர்! நிறுத்து!"

குதிக்கலாம் என்று காட்டும் பச்சை விளக்கைச் சாண்ட்ரா அணைத்தாள். அதற்குள் மூன்று பேர் கதவைத் தாண்டிவிட்டார்கள். கதவைத் தாண்டியவனைத் திரும்பக் கூப்பிட உலகத்தில் ஒரு வானொலியும் இல்லை. பிருந்தன் கிளைடரை அழைத்தான். அது வேறு அலைவரிசையில் இருந்தது, பதில் இல்லை. பிறகு ஐம்பது வினாடிகள் அவன் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. மூன்று கறுப்புப் புள்ளிகள் வெள்ளைச் சிலுவையை நோக்கி விழுந்தன. ஒன்று அதன் இறகுக்குப் பின்னால் மறைந்தது.

மறைந்த புள்ளி இறகுக்குக் கீழே வெளியே வந்தது. பரசூட் விரிந்தது. மூன்றும் விரிந்தன.

முதலில் தரைக்கு வந்தவள் பிளோறன்ஸ், மருத்துவமனைத் தாதி. புல்லில் இருந்தபடியே சிரித்தாள்.

"கிளைடர்க்காரனின் தொப்பியைப் பார்த்தேன். நீலத் தொப்பி. அவ்வளவு கிட்ட" என்றாள். பிருந்தன் படியிறங்கி ஓடி வந்ததைக் கண்டதும் எழுந்து கட்டிப்பிடித்தாள். "நீ கத்தாவிட்டால் மிச்ச ஒன்பது பேரும் வந்திருப்பார்கள். நீதான் காப்பாற்றினாய்."

கழகத் தலைவர் பென்ஜமின் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "றேடார் தூங்கியது. நம்முடைய ஆள் விழித்திருந்தான்!" கை தட்டினார்கள். பிருந்தன் தலையைக் குனிந்துகொண்டான். அதை அடக்கம் என்று நினைத்தார்கள்.

அன்று மாலையே தாயிடம் சொன்னான். எவ்வளவைச் சொல்வது என்று தெரிந்துதான் சொன்னான். கமலநாயகி தொலைபேசியை எடுத்தார். டோர்ட்முண்டுக்குப் போனது, பெர்லினுக்குப் போனது, வால்டோர்ஃபில் இருக்கும் மருமகனுக்கும் போனது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி உப்புக் கூடியது. புதன்கிழமை தாயே அவனுக்குச் சொன்னார்:

"தக்சாயினியை வேலையாலை நிப்பாட்டிப் போட்டாங்களாம். மூண்டு பேரைக் கொல்லப் பாத்தவளாம். நான் அப்பவே சொன்னனான், படத்துக்கு எடுத்த ஆக்கள் உதுக்குச் சரிவராது எண்டு."

"நிப்பாட்டேல்லை அம்மா. விசாரணை முடியுமட்டும் திரைக்கு முன்னாலை இருக்க விடமாட்டினம். எல்லாருக்கும் அப்பிடித்தான்."

"அதுதானே, நிப்பாட்டினது!"

கேட்க இனித்தது என்பதை மறைப்பதில் பயனில்லை. அந்த வாரம் முழுவதும் அவன் நிமிர்ந்து நடந்தான். துறைமுகத்தில் விசில் அடித்தான். பொறாமைக் கண்ணுக்கு ஒரு சக்தியும் கிடையாது. கறுப்புக் கயிறு விற்பவனைத் தவிர அதனால் யாருக்கும் எதுவும் நடப்பதில்லை. ஆனால் பொறாமை வாயைக் கட்டும். கட்டிய வாயால் மூன்று பேர் ஒரு இறகுக்குப் பக்கத்தில் விழுவார்கள். இதற்குச் சாத்திரம் தேவையில்லை, கணிதம் போதும்.

வெள்ளிக்கிழமை அவளே அழைத்தாள். ஐந்து வருடத்துக்குப் பிறகு.

"பிருந்தன், நான் தக்சாயினி. ஒரு கேள்விதான். கிளைடரை நீ எப்ப கண்டனி?"

"கண்ட உடனை சொன்னனான்."

"நான் அதைக் கேக்கேல்லை. எப்ப கண்டனி?"

"அதுதான் சொல்லுறனே. கண்டன், கத்தினன்."

"உங்கடை ரவர்ப் பதிவை விசாரணையிலை போட்டுக் காட்டினவை. திடீரெண்டு ஒண்டைக் கண்டு கத்திற ஆளின்ரை குரல் எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் கேக்கிறன். முதல் எழுத்திலை மூச்சு முட்டும். உனக்கு முட்டேல்லை. நீ ஆயத்தமா இருந்தனி."

"அப்ப நான் பொய் சொல்லுறன் எண்டுறியோ?"

"இல்லை. கேட்டன். நீ சொல்லிப்போட்டாய். சரி, நான் அதை நம்பிறன். வைக்கிறன்."

அவள் கத்தியிருந்தால் அவன் திருப்பிக் கத்தியிருப்பான். நம்பிறன் என்றாளே! இப்படி ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைக்க அவளுக்கு ஏலும், தனக்கு ஏலாது என்பது அவனுக்குப் பட்டது. அதற்கும் எரிந்தது. இரவெல்லாம் அந்த எரிச்சலோடு புரண்டவன், விடிந்ததும் ஹோலன்மோருக்கு ரயிலேறினான்.

கழக அலுவலகத்தில் சம்பவ அறிக்கைப் படிவம் காத்திருந்தது. காலதாமதம் இருந்தால் காரணத்துக்குச் சிறு கட்டங்கள்: களைப்பு, கவனச்சிதறல், கருவிக் கோளாறு, தொடர்புக் கோளாறு, வேறு. பென்ஜமின் கோப்பியோடு எதிரில் இருந்தார்.

"சுருக்கமாக எழுது. கண்டேன், எச்சரித்தேன். கையெழுத்து."

பிருந்தன் எழுதினான். கண்டது ஒரு நேரம். கத்தியது நான்கு வினாடி பின்னால். "வேறு" என்ற கட்டத்தில் புள்ளடி போட்டு, பக்கத்தில் ஜெர்மன் மொழியில் ஒரே சொல் எழுதினான். பொறாமை.

பென்ஜமின் தாளைத் திருப்பி வாசித்தார். "இது என்ன பகிடி?"

"பகிடி இல்லை."

"நான்கு வினாடி என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"எண்ணினேன்."

பென்ஜமினின் கோப்பி பாதி வழியில் நின்றது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "கேள். இந்தத் தாள் போனால் உன்னை இனி அந்த ஜன்னலுக்குக் கிட்டவும் விடமாட்டார்கள். அவளுக்குத் தொழிற்சங்கம் இருக்கிறது, சட்டத்தரணி இருக்கிறார், நேர்மையான பிழையைத் தண்டிக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. அவளுக்கு ஒன்றும் நடக்காது. உனக்கு யார் இருக்கிறார்?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. திரைக்கு முன்னால் சம்பளத்தோடு இருப்பவருக்குப் பிழைவிட ஒரு கதிரை உண்டு. வார இறுதியில் பெற்றோல் செலவுக்கு வந்து இருப்பவருக்கு வெறும் கதவுதான் உண்டு. அது அநியாயம். இன்னொரு நாள் அதற்காகச் சண்டை பிடிக்கலாம், பிடிக்கவும் வேண்டும். ஆனால் அந்த அநியாயத்தை எடுத்துத் தன் நான்கு வினாடியின் மேல் போர்த்திக்கொள்ள பிருந்தனுக்கு அன்று கை கூசியது.

"நேர்மையான பிழைக்குத்தானே அந்த விதி" என்றான். "இது நேர்மையான பிழை இல்லை."

தாளை அவனே அனுப்பினான். பத்து நாளில் பதில் வந்தது: இனி அவன் ஃபுளுக்லைட்டர் இல்லை. ரவர்க் கதவின் திறப்பைப் பென்ஜமின் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டார். பிளோறன்ஸ் அவனைக் கண்டால் பாதையின் மறுபக்கத்தால் நடந்தாள். அவள் செய்தது சரி.

மூன்றாம் வாரம் தக்சாயினி மறுபடி அழைத்தாள்.

"திரும்ப வேலைக்கு வந்திட்டன். உன்ரை அறிக்கை வாசிச்சன்."

"ம்."

"மன்னிக்கிறன் எண்டு சொல்ல எடுக்கேல்லை. மன்னிக்கேல்லை. ஆனா உன்ரை அறிக்கையாலை ஒரு விதி மாறுது. இனிக் கீழை இருக்கிற ஆள் 'வானம் வெறுமை' எண்டு வாயாலை சொல்லோணும். சொன்னாப் பிறகுதான் விமானி என்னட்டை அனுமதி கேக்கலாம். மௌனம் செல்லாது."

"நல்லது."

"நல்லதுதான். அந்த விதியை எழுதிற குழுவிலை என்னையும் போட்டிருக்கினம்."

அவனுக்கு மறுபடியும் சுருக்கென்றது. இவ்வளவு நடந்தும், தன் பிழையிலிருந்து பிறந்த விதியை எழுதப் போகிறவள் அவள் என்பது சுட்டது. தன்னை நினைத்து அவனுக்கே சிரிப்பு வந்தது.

"என்ன சிரிக்கிறாய்?"

"இன்னும் எரியுது."

"எரியட்டும். அது உன்ரை வயிறு. எனக்கு வேறை ஒண்டு கிடக்கு." அவளுடைய குரல் வானொலிக் குரலாக மாறியது. "அறிக்கையை வாசிச்சது நாலு பேர். கதையைக் கேட்டது நானூறு பேர். போன கிழமை கோயில் மண்டபத்திலை என்ரை அம்மா இருந்த மேசையிலை ஒருத்தரும் வந்து இருக்கேல்லை. கொலைகாரியின்ரை தாயாம். படத்துக்கு எடுத்த கதையும் உன்ரை வாயாலைதான் வெளிக்கிட்டது எண்டு எனக்கு எப்பவோ தெரியும். அந்த நானூறு பேருக்கு ஆர் சொல்லுறது, பிருந்தன்? படிவம் நிரப்பினாப் போச்சோ?"

அவன் பதில் சொல்லுமுன் அவள் வைத்துவிட்டாள்.

பிருந்தன் ரயிலேறித் தாய்வீட்டுக்குப் போனான். கமலநாயகி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவன் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, முதலிலிருந்து சொன்னான். மண்டபத்து வடையில் தொடங்கி நான்கு வினாடி வரைக்கும். ஒன்றையும் விடவில்லை. தாயின் கை கீரையில் அப்படியே நின்றது.

"ஐயோ தம்பி! உதை ஏன் எழுதிக் குடுத்தனி? ஒரு குருவிக்கும் தெரியாதே!"

"எழுதிப்போட்டன். முடிஞ்சுது."

"சரி, போகட்டும். ஒருத்தருக்கும் வாய் திறக்காதை. எங்கடை வீட்டோடை இருக்கட்டும்."

"இல்லை அம்மா. நீங்கள்தான் சொல்லோணும்."

"நானோ?"

"நான் ஒவ்வொருத்தராச் சொல்லி முடிக்க ரெண்டு வருசம் செல்லும். நீங்கள் எடுத்தா ரெண்டு நாளிலை டோர்ட்முண்டும் பெர்லினும் முடிஞ்சுது. போன முறை எடுத்த எல்லாருக்கும் எடுங்கோ. நான் பக்கத்திலை இருக்கிறன். நம்பாட்டி என்னட்டைத் தாங்கோ."

"என்னெண்டடா சொல்லுறது? என்ரை பிள்ளை எரிச்சலிலை வாயை மூடிக்கொண்டு இருந்தவன் எண்டோ?"

"ஓம். அப்பிடியே சொல்லுங்கோ. அதோடை, படத்துக்கு எடுத்ததெண்டு சொன்னதும் பொய்யெண்டு சொல்லுங்கோ."

கமலநாயகியின் கண் நிறைந்தது. அவமானமா, கோபமா என்று அவருக்கே தெரிந்திராது. பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தொலைபேசியை மடியில் எடுத்து வைத்தார்.

"ஆருக்கு முதல்? நாகமுத்து அண்ணைக்கோ?"

"பவளம் அன்ரிக்கு. தக்சாயினியின்ரை அம்மாவுக்கு."

"ஐயோ, அவவோடையோ! அண்டைக்கு மண்டபத்திலை அவவைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனனான் நான்."

"அப்ப, அதிலையிருந்து துவங்குங்கோ அம்மா" என்றான் பிருந்தன்.